மொய்க் கவர் வெள்ளையா, சிவப்பா? ஒரு கொரிய-சீனத் திருமணத்தின் நிகழ்வு ஆய்வு

கொரியத் திருமணத்தில் மொய்ப் பணம் வெள்ளைக் கவரில் வரும். தொகையின் முதல் இலக்கம் பெரும்பாலும் ஒற்றைப்படையில் இருக்கும்: 30,000, 50,000, 70,000 வொன். நெருங்கியவர்கள் என்றால் 1,00,000. சீனர்களிடம் வெள்ளைக் கவர் துக்க வீட்டுக்கானது, ஒற்றைப்படைத் தொகையும் அப்படித்தான். கல்யாணத்துக்குச் சிவப்பு உறை, இரட்டைப்படைத் தொகை, முடிந்தால் கடைசியில் ஓர் எட்டு. கொரியாவின் டேகு நகரத்திலிருந்து வரும் ஒரு சித்தப்பா முறை தவறாமல் இரு கையாலும் நீட்டும் கவர், சிங்கப்பூர்ச் சீனப் பாட்டியின் கண்ணில் இழவுப் பணமாகத் தெரியும். நம்மூரில் 100 கொடுக்காமல் 101 கொடுக்கிறவர்களுக்குக் கொரியர்களின் கணக்கு உடனே புரியும். ஆனால் பாட்டிக்குப் புரிய வைக்க வேண்டுமே.

2025 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஒரு திருமணத்தைப் பற்றிய குறிப்பு இது. ஒருங்கிணைப்பு வேலை என்னுடையது. பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தியோச்சியூ பிரிவுச் சீனக் குடும்பம். மாப்பிள்ளை டேகுக்காரர், வேலைக்காக இங்கே வந்து தங்கியவர். இருவரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட கல்யாணம் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றே: இரண்டு நாட்டுச் சடங்குகளை எப்படிக் கலப்பீர்கள்? உண்மையில் சடங்குகளால் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. அவை முன்பே உறவுக்காரர்கள். சீன நெறியாளர் சூ சி 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த குடும்பச் சடங்கு முறை கொர்யோ காலத்தின் பிற்பகுதியில் கொரியாவுக்குப் போய், 1392இல் தொடங்கிய சோசன் அரசில் மேட்டுக்குடி வீடுகளின் விதியாகவே ஆனது. வாத்துக் கொடுப்பது, சுரைக்குடுக்கையை இரண்டாகப் பிளந்து மணமக்கள் குடிப்பது, மாமனார் மாமியாருக்கு இலந்தையும் செஸ்ட்நட்டும் உலர்ந்த இறைச்சியும் படைப்பது எல்லாம் யீலி என்ற பழைய சீனச் சடங்கு நூலிலேயே இருக்கின்றன. சீனாவில் பலவும் வழக்கொழிந்துவிட்டன, கொரியாவில் தங்கிவிட்டன. தகராறு வந்ததெல்லாம் வேறு இடங்களில்: யார் முதலில் பேசுவது, காசு எந்தப் பக்கம் போவது, எந்த நிறம், எந்த எண். திட்டமிடலில் எங்கள் நேரத்தைத் தின்றவை இவைதான்.

நாள் குறித்த கதை

பழைய கொரிய முறையில் மாப்பிள்ளை வீட்டார் பையனின் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்து நாள் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டியது பெண் வீடு. சீன முறையில் நாள் பார்ப்பது மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. பெண் வீட்டிடம் ஒப்புதல் கேட்பது ஒரு மரியாதை. இங்கே மாப்பிள்ளை கொரியர், பெண் சீனர். விளைவு: இரண்டு வீடும் பெருந்தன்மையோடு எதிர் வீட்டின் சொல்லுக்காகக் காத்திருந்தன. வாரக் கணக்கில் பேச்சே இல்லை. பெண்ணின் அம்மா என்னிடம், "அவங்களுக்கு இஷ்டம் இல்லையோ?" என்று கேட்டார். அதே நேரத்தில் டேகுவில் மாப்பிள்ளையின் அப்பா, தாமே தேதி சொன்னால் சம்பந்தி வீட்டை அவமதித்ததாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

இதை உடைக்க ஒரு காணொளி அழைப்பு போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அந்த நான்கு விவரங்களையும் தூரிகையால் தாளில் எழுதி முன்கூட்டியே அனுப்பினார். பெண் வீடு மூன்று தேதிகளைச் சொன்னது. அதில் ஒன்றை மாப்பிள்ளை வீடு தேர்ந்தெடுத்தது. இரண்டு தரப்பும் தங்கள் முறைப்படி நடந்ததாகவே நினைத்தன, அது பொய்யும் இல்லை.

மூன்று தேதிகளைக் கண்டுபிடித்ததுதான் கஷ்டம். 2025ஆம் ஆண்டில் சந்திர நாட்காட்டிப்படி ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. கூடுதல் மாதம் ஜூலை 25 முதல் ஆகஸ்டு 22 வரை. அதிக மாதத்தில் கல்லறையைச் சீர் செய்யலாம், கல்யாணம் வேண்டாம் என்பது டேகு பாட்டியின் கட்சி. இன்றைய கொரியாவில் பலரும் அப்படித்தான் தள்ளிப்போடுகிறார்கள். அது முடிந்த மறுநாள், ஆகஸ்டு 23, சீனர்களின் ஏழாம் மாதம் தொடங்குகிறது. அது பசித்த ஆவிகளின் மாதம், சிங்கப்பூரில் அந்த மாதம் விருந்து மண்டபங்கள் மலிவாகக் கிடைக்கும். காரணம் சொல்லவே வேண்டாம். ஆக இரண்டு பாட்டிகளும் சேர்ந்து இரண்டு மாதத்தை அடைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் பாம்பு ஆண்டில் வசந்தத் தொடக்க நாள் இரண்டு முறை வந்ததால் சீனர்கள் கல்யாணத்துக்குப் போட்டி போட்ட ஆண்டு அது. முந்தைய டிராகன் ஆண்டில் அந்த நாள் வரவே இல்லை. அதனால் தள்ளிப்போட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் அமைந்தது அக்டோபர் 11, சனிக்கிழமை. சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் 20ஆம் நாள். கொரியர்களுக்கு 9, 10, 19, 20, 29, 30 ஆகிய சந்திர நாள்கள் தீய ஆவிகள் ஊரில் இல்லாத நாள்கள். வீடு மாற, கல்யாணம் செய்ய ஏற்றவை. சீனப் பஞ்சாங்கத்தில் அது ஆட்டு ஆண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆகாத நாள். மணமக்கள் தப்பினார்கள். 1967இல் பிறந்த ஒரு சித்தி மாட்டிக்கொண்டார். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் தாம் உள்ளறையில் இருந்துகொள்வதாக அவரே சொல்லிவிட்டார். சொன்னபடி இருந்தார், கையில் கைப்பேசியோடு.

இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த ஆண்டு சூசொக் அறுவடைத் திருநாள் அக்டோபர் 6. அதையொட்டிக் கொரியாவில் 3ஆம் தேதியிலிருந்து 9ஆம் தேதி வரை தொடர் விடுமுறை. விமானச் சீட்டு விலை எகிறியது. ஆனால் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்கு மட்டும் விடுப்புக் கேட்டால் போதுமானதாக இருந்தது. விலையா விடுப்பா என்றால் கொரிய அலுவலகங்களில் விடுப்புதான் கிடைப்பதற்கு அரியது. விலையை ஏற்றுக்கொண்டோம்.

சீர் எந்தப் பக்கம் போகிறது?

சிங்கப்பூர்ச் சீனர்கள் குவோ டா லி என்று சொல்லும் சீர் வரிசையை மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும். பரிசப் பணம், ஆரஞ்சு, கல்யாணக் கேக்கு, மதுப் புட்டி, பன்றிக் கால். தியோச்சியூ வீடுகளில் இதோடு நான்கு தங்க நகை கட்டாயம். கூரையின் நான்கு மூலைகளைப் போல அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு என்பது அதன் பொருள். பெண் வீடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்.

கொரியாவில் யெதான் என்ற சீர் எதிர்த் திசையில், பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அந்தக் காலத்தில் பட்டு, இப்போது பணம். கூடவே உணவுக் கிண்ணத் தொகுதி, மெத்தை விரிப்பு, வெள்ளிக் கரண்டி. இதிலும் ஒரு பகுதி திரும்பி வரும். மாப்பிள்ளையின் அம்மா முதல் நாளே "யெதான் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த "வேண்டாம்" உண்மையா, மரியாதைக்குச் சொன்னதா என்று பெண்ணின் அம்மா பல நாள் தூங்கவில்லை. கொரியத் தொடர்கள் பார்த்தவர் அவர். மாப்பிள்ளையிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொண்டோம், உண்மையான வேண்டாம்தான். ஆனாலும் ஒரு ஜோடி வெள்ளிக் கரண்டி மட்டும் போனது. பரிசப் பணத்தில் பாதியைத் திருப்பியபோது, டேகு வீட்டுக்கு அது புதிதாகப் படவில்லை, அவர்கள் வழக்கமும் அதுவே.

சிக்கல் வந்தது ஹாம் பெட்டியில். கொரிய மாப்பிள்ளையின் நண்பர்கள் கல்யாணத்துக்கு முன் ஒரு மாலையில் பெண் வீட்டுக்குத் தூக்கிப்போகும் பெட்டி அது. உள்ளே திருமண ஓலை, சிவப்பும் நீலமுமாகப் பட்டுத் துணி, தானியங்கள் இட்ட ஐந்து நிறப் பைகள். தூக்குகிறவர் முகத்தில் உலர்ந்த கணவாய் மீனை முகமூடியாகக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று "ஹாம் சாசெயோ!" என்று கூவுவார். பெட்டி விற்பனைக்கு, வாங்குங்கள் என்று அர்த்தம். காசு கொடுத்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். பெண்ணின் தோழிகள் தரையில் காசுக் கவர்களைப் பரப்பி, ஒவ்வொரு கவர் மேலும் ஓர் அடி வைக்கச் சொல்லி வீட்டுக்குள் இழுப்பார்கள். இப்போது சோலில் இதை அதிகம் பார்க்க முடியாது. அடுக்குமாடிகளில் அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள்.

நாங்கள் ஹாமையும் குவோ டா லியையும் ஒரே வருகையில் முடிப்பதாக ஏற்பாடு. திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பெண் வீட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் பொது நடைவழியில். முன்னால் ஆரஞ்சுக் கூடைகளோடு இரண்டு பேர் அமைதியாக, பின்னால் கணவாய் முகமூடியோடு மாப்பிள்ளையின் அலுவலக நண்பர். அந்த மீனின் வாசனை மின்தூக்கிக்குள்ளேயே எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டது. எதிர் வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

ஒத்திகைப் பேச்சிலேயே பெண்ணின் பாட்டி இரண்டு விஷயத்தில் குறுக்கே நின்றிருந்தார். ஒன்று, அங் பாவ் எனும் பண உறையைக் காலால் மிதிப்பதாவது! சிவப்புறை கைக்குக் கை மாற வேண்டியது, தரையில் கிடக்கக் கூடாது. இரண்டு, ஹாம் தூக்குகிறவர் வாசலில் சுரைக்குடுக்கையை மிதித்து உடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார், அந்தச் சத்தத்தில் கெட்டது ஓடிவிடும் என்பது கொரிய நம்பிக்கை. நல்ல காரியத்தன்று வாசலில் ஒன்றை உடைப்பது பாட்டிக்கு அபசகுனம். முதலாவதற்குப் பெண்ணின் ஒன்றுவிட்ட தம்பி வழி கண்டுபிடித்தான். தூண்டில் கம்பின் நுனியில் சிவப்புறையைக் கட்டித் தொங்கவிட்டு, பெட்டிக்காரரைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தபடியே பின்னோக்கி நடந்தான். முகமூடிக்குள்ளிருந்து கண் சரியாகத் தெரியாமல் அவர் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். மிதிப்பதைவிட இது வேடிக்கையாக இருந்ததாகக் கொரியர்களே சொன்னார்கள். இரண்டாவது, குடுக்கையைக் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு முன்னாலேயே உடைத்துவிட்டோம். பெருக்கித் தள்ளத் துடைப்பம் கொண்டுபோனவள் நான்.

கொரியரின் காசு விளையாட்டில் பணம் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் நண்பர்களுக்குப் போகிறது. மாப்பிள்ளையை வாசலில் மறிக்கும் சீனர்களின் கதவடைப்பு விளையாட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பெண்ணின் தோழிகளுக்குக் காசு அழ வேண்டும். இரண்டு வாரம் முன்பு வாங்கிய அதே சிவப்புறைகளைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தி, கல்யாணக் காலையில் அதே தோழிகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள் அந்தப் பையன்கள். கணக்கு நேர்.

நிறம்

கொரியக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா நீலச் சாயலிலும் பெண்ணின் அம்மா இளஞ்சிவப்புச் சாயலிலும் ஹன்போக் என்ற மரபுடை உடுத்து, கைகோத்து நடந்து போய் மேடையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சிங்கப்பூர்ச் சீனர்களின் இறுதிச் சடங்கில் நீலம் பேரப்பிள்ளைகள் உடுத்தும் நிறம். வெளிர் நீல ஹன்போக்கின் படம் குடும்பக் குழுவில் வந்ததும் பெண் வீட்டில் ஒரே மௌனம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அந்த ஆடை ஏற்கெனவே தைத்தாகிவிட்டது, நீலத்தை விட்டால் அவர் மாப்பிள்ளையின் அம்மா என்பதே அவர் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. மேல்சட்டையை மட்டும் பவள நிறத்தில் மாற்றித் தைத்து, பாவாடையை நீலமாகவே விட்டார்கள். பெண்ணின் அம்மா அடர் இளஞ்சிவப்பில் சியோங்சாம் என்ற சீன அங்கி போட்டார். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது சிவப்பு-நீல ஜோடி குலையவில்லை. மெழுகுவத்திகளுக்குச் சீனர்களின் டிராகன்-பீனிக்ஸ் சிவப்பு ஜோடியை வைத்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மலர்வளையத்தில் நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். கொரியாவில் திருமண மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மூன்றடுக்கு மலர்ச் சட்டங்கள், அனுப்பியவர் பெயரெழுதிய வெள்ளை நாடாக்களோடு வரிசையாக நிற்கும். எத்தனை நிற்கிறதோ அவ்வளவு கௌரவம். சிங்கப்பூரில் அப்படி ஒரு வரிசையைப் பார்த்தால் விருந்தினர் தவறான தளத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போவார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுடைய நண்பர்கள் அனுப்ப நினைத்தவற்றை மேசைப் பூச்சாடிகளாக மாற்றி, ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயர் அட்டையைக் குத்தினோம். அட்டையில் பெயர்கள் பொன்மையில். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கொரியர்கள் விடமாட்டார்கள். சிவப்புத் தாளில் பொன்னெழுத்து என்றால் இரு தரப்புக்கும் சம்மதம். எண் 4 மட்டும் வாதமே இல்லாமல் முடிந்தது. இரண்டு மொழியிலும் அதன் ஓசை சாவை நினைவூட்டுகிறது, மேசை 3க்கு அடுத்தது மேசை 5.

அந்த நாள்

காலை ஏழரைக்குக் கதவடைப்பு. புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நான்கையும் மாப்பிள்ளையின் படை தின்று காட்ட வேண்டும். காரத்துக்குத் தோழிகள் பறவைக்கண் மிளகாயை எடுத்து வைத்திருந்தார்கள். டேகுக்காரர்களிடம் அது எடுபடவில்லை. பாகற்காய்ச் சாறுதான் அவர்களைக் கவிழ்த்தது.

கதவு திறந்ததும் நடந்தது ஒன்றுதான் நாங்கள் உண்மையிலேயே கலந்த சடங்கு. பழைய கொரிய முறையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து, சிவப்புத் துணியில் சுற்றிய மரவாத்தை வைத்து வணங்குவார், பெண்ணின் அம்மா அதைப் பாவாடையில் ஏந்தி உள்ளே கொண்டுபோவார். காட்டு வாத்து ஒரே துணையோடு வாழும் என்ற நம்பிக்கை. சோசன் காலத்தில் வெகுநாள் வரை கல்யாணமே பெண் வீட்டில்தான் நடந்தது. மாப்பிள்ளை அங்கே தங்குவதும் உண்டு. அறிஞர் யுல்கொக் 1536இல் பிறந்ததே கங்னுங் ஊரில், ஓஜுக்ஹொன் என்ற அவருடைய தாய் வீட்டில். சீன மாப்பிள்ளையும் காலையில் பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். இரண்டும் ஒரே இடம், ஒரே நேரம். வாத்துக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. சியோங்சாமில் ஏந்த மடிப்பு இல்லாததால் பெண்ணின் அம்மா சமையலறையில் மாட்டியிருந்த பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தார். படங்களில் மிக நன்றாக வந்தது அதுதான்.

அடுத்து வீட்டு முன்னோர் பீடம். மணமக்கள் ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கிளம்புவது பெண் வீட்டு வழக்கம். மாப்பிள்ளையின் அத்தை தீவிரமான தேவாலயக்காரர், தம்பி மகன் கையில் ஊதுவத்தி இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பெண் ஊதுவத்தி பிடித்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் கை கட்டித் தலை குனிந்து நின்றார். அத்தை நடைவழியில் நின்றுகொண்டார். இதற்கு மேல் இதைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் நாங்கள் முயலவில்லை.

தேநீர்ச் சடங்கையும் கொரியரின் ப்யெபெக்கையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். இரண்டிலும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, மணமக்கள் வணங்கி, குடிக்கக் கொடுத்து, ஆசி வாங்குகிறார்கள். ஒரே வரிசையில் உட்கார வைத்துத் தேநீரும் கொடுத்து இலந்தையும் வீசினால் அரை மணி மிச்சம். நான் சம்மதிக்கவில்லை. எழுபது வயதுப் பெரியவருக்குத் தம் சடங்கு தலையிலிருந்து கால் வரை தெரியும். நடுவில் வேறொன்று புகுந்தால் தாம் எப்போது கை நீட்ட வேண்டும் என்றே தெரியாமல் விழிப்பார். அதனால் ஒரே அறையின் இரு மூலைகள். ஒன்றில் நாற்காலிகள், இலந்தையும் லாங்கனும் போட்ட தேநீர், மூத்தவர் முதல் இளையவர் வரை முறையழைப்பு. மற்றதில் ப்யெபெக். பாதி பாதியாக அல்ல, இரு குடும்பத்தாரும் இரண்டு மூலையிலும் உட்கார்ந்தார்கள். ப்யெபெக் முன்பு மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் செய்வது. இப்போது கொரியாவிலேயே பெண் வீட்டாரையும் உட்கார வைக்கிறார்கள்.

ப்யெபெக் மேசைக்குச் சிவப்பு நூலில் கோத்த இலந்தைகளைக் கோபுரமாக அடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா முந்தின இரவு ஓட்டலறையில் உட்கார்ந்து தாமே கோத்தார். மாமியாருக்கு வைக்க உலர்ந்த மாட்டிறைச்சி வேண்டும். வெளிநாட்டு இறைச்சியைப் பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. பெண்ணின் அம்மா ஒரு வேலை செய்தார்: சைனாடவுனில் மாட்டிறைச்சி பக்குவா வாங்கி, கத்தரித்து, பூ வடிவில் அடுக்கி வைத்துவிட்டார். சீனப் புத்தாண்டுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும், தீயில் வாட்டிய இனிப்பு இறைச்சித் தகடு அது. மாமியார் அந்த இறைச்சியைக் கையால் மெல்லத் தடவிக் கொடுக்க வேண்டும். மருமகளின் குறைகளைப் பொறுத்துக்கொள்வேன் என்பதற்கு அடையாளம். தடவியதும் விரலெல்லாம் சர்க்கரைப் பாகு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் விரலை நக்கினார். "இது நம்மூர் இறைச்சியைவிட நல்லாயிருக்கு" என்று கணவரிடம் முணுமுணுத்ததை மொழிபெயர்ப்பாளர் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

மாமனார் கைப்பிடி இலந்தையும் செஸ்ட்நட்டும் எடுத்து வீச, மணமக்கள் துணியை விரித்துப் பிடித்தார்கள். இலந்தை ஆண், செஸ்ட்நட் பெண் என்று எண்ணிக் கிண்டல் செய்வது வழக்கம். பெண்ணின் அப்பாவும் வீசினார், அவர் பலமாக வீசியதில் பாதி மடக்குத் திரைக்குப் பின்னால் போய்விட்டது.

உடை மாற்றத்தில்தான் நேரம் நழுவியது. தேநீருக்குப் பொன்னிழை பூட்டிய சீனக் குவா, ப்யெபெக்குக்கு வொன்சாம் மேலங்கி, மாலைக்கு வெள்ளை கவுன். வொன்சாமை எதன் மேல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தலைதான் சிக்கல். சீனக் கொண்டையைப் பிரித்து, நீண்ட ஊசி செருகி, மேலே சின்னக் கிரீடம் நிறுத்த வேண்டும். சாப்பாட்டு நேரம் கரைந்தது. மணமகள் வொன்சாம் கைக்குள்ளிருந்து ஒரு கரண்டி சோறு தின்றதை நான் பார்த்தேன்.

சட்டப் பதிவு ஐந்தரைக்கு ஓட்டலிலேயே நடந்தது. 21 நாளுக்கு முன்னதாகவே அறிவிப்புக் கொடுத்திருந்தோம். உரிமம் பெற்ற பதிவாளரும் இரண்டு சாட்சிகளும் வந்தார்கள், கையெழுத்தானது.

விருந்தில் நேரக் கலாசாரம் இடித்தது. கொரியாவில் திருமண மண்டபச் சடங்கு அரை மணியில் முடிந்து, சாப்பாட்டுச் சீட்டைக் காட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஏழு மணி என்று அழைப்பில் போட்டால் எட்டுக்கு முன் முதல் தட்டு வராது. டேகு உறவினர்கள் ஆறே முக்காலுக்கே வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதை எதிர்பார்த்து அவர்கள் மேசைகளில் மட்டும் வறுகடலையோடு கிம்ச்சியும் வைத்திருந்தோம். வெளி உணவுக்கு ஓட்டலின் எழுத்துபூர்வ அனுமதி வாங்க அலைந்த அலைச்சல் வீண்போகவில்லை. கல்யாண நூடுல்சுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. கொரியர்கள் "எப்போது நூடுல்ஸ் போடப் போகிறாய்?" என்றுதான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள், சீன விருந்திலும் இனிப்புக்கு முன்னால் நீள நூடுல்ஸ் வருகிறது. இனிப்பாக வந்த தியோச்சியூ சேப்பங்கிழங்குக் களியைக் கொரியர்கள் பாதியில் வைத்துவிட்டார்கள்.

மேடையில் கொரிய வழக்கப்படி மாப்பிள்ளை கை இரண்டையும் தூக்கி மூன்று முறை "மான்செ!" என்று கத்தினார். மூச்சு வாங்குவதற்குள் சிங்கப்பூர்க்காரர்கள் கோப்பையை உயர்த்தி "யாம் செங்" என்று இழுக்கத் தொடங்கினார்கள், அதுவும் மூன்று முறை. யாரும் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது. டேகு பாட்டி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மொய்

இனி கவர் விஷயம். கொரியாவில் வாசலில் இரண்டு மேசை இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு. தத்தம் விருந்தினர் சாப்பாட்டுச் செலவு தத்தம் வீட்டுக்கு. சிங்கப்பூரில் ஒரே பெட்டி. ஓட்டலின் மேசை விலையைத் தேடிப் பார்த்து விருந்தினரே தொகையை முடிவு செய்வார்கள், விருந்துக்குப் பணம் கட்டியவருக்கு மொய் போகும். நாங்கள் பெட்டியை ஒன்றாகவும் கணக்கை இரண்டாகவும் வைத்தோம். பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வோர் உறையின் மூலையிலும் மேசை எண் எழுதப்பட்டது.

நிறத்துக்கு: டேகு விருந்தினர் தங்கிய அறைகளில், சாவியோடு சேர்த்து ஆளுக்கு ஒரு சிவப்புறை, கொரிய மொழியில் திருமண வாழ்த்து அச்சடித்தது, பின்புறம் பெயரெழுத இடம் விட்டது. வர முடியாதவர்களுக்குக் கைப்பேசி அழைப்பிதழின் அடியில் வங்கிக் கணக்கு எண். இது இப்போது கொரியாவில் சாதாரணம். வங்கிக் கணக்குக்கு நிறம் கிடையாது. வந்தவர்கள் பெரும்பாலும் 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வைத்தார்கள். ஒற்றைப்படைப் பிரச்சினை அங்கே எழவில்லை.

ஆனாலும் ஒரு சித்தப்பா ஊரிலிருந்தே தயாராகக் கொண்டுவந்த வெள்ளைக் கவரை நீட்டினார். அதில் 70,000 வொன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் அத்தை மகள், இரு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொல்லி, மேசைக்கு அடியிலேயே ஒரு பெரிய சிவப்புறைக்குள் அதைச் செருகிவிட்டாள். பாட்டி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். இதற்காகவே காலியுறைகளை மேசைக்கடியில் வைத்திருந்தோம். வேறு நிகழ்ச்சிகளுக்கும் இனி அப்படியே வைப்பேன்.

இரண்டு நாள் கழித்துக் கணக்குப் பார்த்தோம். மொத்தம் 24 மேசை, அதில் மாப்பிள்ளை வீட்டுக்கு 5. தகராறு ஒரு மேசையில் மட்டும்: மணமக்களின் பொது நண்பர்கள் உட்கார்ந்த மேசை. அந்த மொய் எந்த வீட்டுக்கு? பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போகட்டும் என்றார், மாப்பிள்ளையின் அப்பா வேண்டவே வேண்டாம் என்றார். நாள் குறித்தபோது பார்த்த அதே விட்டுக்கொடுத்தல் மறுபடி தொடங்கியதும் மணமக்களே உறைகளை எடுத்துத் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். கொரியாவில் பதிய மூன்று மாத அவகாசம் உண்டு. மணச் சான்றிதழோடு தூதரகத்துக்குப் போகும் வேலையை நவம்பரில் முடித்துவிட்டார்கள்.